சமைக்காத சாப்பாடு

எங்கள் விடுதி அறையில் ஐந்து பேர் ஒரே வாரத்தில் இயற்கை உணவுக்காரர்கள் ஆனோம். நான்கு பேர் அடுத்த வாரமே பரோட்டா கடையில் பிடிபட்டோம். மிஞ்சியவன் தர்மராஜ்.

1981. அரியலூரில் கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம். பஸ் ஸ்டாண்டில் யாரோ விற்ற சின்னப் புத்தகத்தைத் தர்மராஜ்தான் வாங்கி வந்தான். அடுப்பில் ஏறியதெல்லாம் விஷம், உப்பு அதைவிட விஷம், எதையும் முப்பத்திரண்டு தடவை மென்ற பிறகே விழுங்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. எனக்கு அது வேடிக்கை. அவனுக்கு அப்படி இல்லை. அவன் அப்பாவுக்குச் சர்க்கரை முற்றி, முந்தின வருஷம்தான் ஒரு காலை எடுத்திருந்தார்கள். கீழப்பழுவூரில் பதினைந்து ஏக்கரை நடந்தே சுற்றி வந்த மனிதர் கட்டிலோடு கிடந்தார். அடுத்தது தான்தான் என்று மகன் முடிவு கட்டிவிட்டான்.

ஊறவைத்த வேர்க்கடலை, தேங்காய், வாழைப்பழம், இளநீர். ஆறு மாதமாக இதுதான். மெஸ்ஸில் குழம்பு கொதித்தால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவான். ஒருநாள் தெரியாமல் ரசம் பட்ட தம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் வாய் கொப்பளித்தான். பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டான், அப்புறம் இன்னொன்று. லேபில் மயங்கி விழுந்தபோது, "கழிவு வெளியேறுதுடா பிச்சைமுத்து" என்று எனக்கு விளக்கம் வேறு. கிண்டல் செய்தே அவனைத் திருத்திவிடலாம் என்று நினைத்த மடையன் நான்.

பொங்கல் லீவுக்கு அவனை எங்கள் ஊர் பூலாம்பாடிக்குக் கூட்டிப் போனேன். "உங்கூட இருக்குற புள்ளய ஒரு தடவ கூட்டியாடா" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எங்கள் வீடு ஊருக்குள் இல்லை, காலனியில். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். தர்மராஜுக்கு இது முதல் நாளே தெரியும். தெரிந்தும் என் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறவன். ஆனால் நிலபுலன் உள்ள வீட்டுப் பையன் ஒருவன் எங்கள் வாசல் ஏறி வருவது அம்மாவுக்குப் பெரிய விஷயம். கோழி அடித்து, நெல்லுச்சோறு வடித்து வைத்திருந்தாள். தினமும் கம்மங்கூழ் கரைக்கிற வீட்டில் அது லேசுப்பட்ட காரியமில்லை. அவன் சமாசாரத்தை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அம்மா இலை போட்டுவிட்டால் கூச்சத்துக்காவது சாப்பிட்டுவிடுவான் என்று நானாகத் திட்டம் போட்டு, சொல்லாமல் விட்டேன். அந்த அதிபுத்திசாலித்தனத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

இலை விழுந்தது. சோறும் விழுந்தது. தர்மராஜ் கையெடுத்துக் கும்பிட்டான்.

"சோறு வேணாம்மா. ஒரு இளநி இருந்தா போதும். இல்லாட்டி ரெண்டு வாழப்பழம்."

அம்மா முகத்தில் இருந்த சிரிப்பு மாறவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள், தாயே தாயே என்று உருகுகிறவர்கள், தாகத்துக்கு என்ன வேண்டும் என்றால் இளநீர்தான் கேட்பார்கள். அதில் எங்கள் பானைத் தண்ணீர் கலக்காது. வாழைப்பழம் என்றால் தோலோடு. அம்மா ஆயுசு முழுக்க அதே சிரிப்போடு இளநீர் கொடுத்தவள்.

என் நண்பனின் ஆறு மாதச் சாப்பாடும் அவர்கள் கேட்பதும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அதுக்கென்னங்க தம்பி" என்று அம்மா உள்ளே போய் ஒரு சீப்புப் பழத்தைக் கொண்டுவந்தாள். அவன் முன்னால் வைத்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"சீப்பாவே வச்சிருக்கேங்க. நீங்களே பிச்சுக்கங்க. எங்கையால உரிக்கலைங்க."

நீட்டிய கையைத் தர்மராஜ் பாதியில் நிறுத்தினான். என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அம்மா சோற்று இலையை எடுக்கக் குனிந்தாள்.

"எடுக்காதீங்கம்மா" என்றான். "நீங்க நெனைக்கிற மாதிரி இல்லம்மா. எங்க வூட்டுலயும் நான் திங்கறதில்ல. எங்கம்மா ஆக்கி வச்சிட்டு அழுவுது."

"ஏங்க தம்பி?"

"பயம்மா. ஆக்குனது உள்ள போனா எங்கப்பா மாதிரி ஆயிருவேன்னு பயம்."

அம்மா நம்பவில்லை. என் பக்கம் திரும்பினாள். புத்தகம், ஊறின கடலை, லேபில் விழுந்தது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வந்து அவன் எதிரில் உட்கார்ந்து, அதுவரை விருந்தாளியாக மட்டும் பார்த்தவனை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தாள். சட்டைக்குள் தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"இந்த ஒடம்பையா தம்பி காப்பாத்திக்கிட்டு இருக்கீங்க?"

தர்மராஜ் இலையைத் தன் பக்கம் இழுத்தான். சோற்றில் கை வைத்தான். உருண்டை உதடு வரை போய்த் திரும்பியது. அது நடிப்பில்லை என்பதை அம்மாவும் கண்டுகொண்டாள்.

"வுடுங்க. காஞ்ச வயிறு, கோழியெல்லாம் தாங்காது" என்று எழுந்து போனாள். எங்களுக்கென்று இருந்த கம்மங்கூழில் மோர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கரைத்துச் சொம்பில் கொண்டுவந்தாள். வந்தவள் பாதி வழியில் தயங்கினாள். அது நாங்கள் வாய் வைத்துக் குடிக்கிற சொம்பு. தர்மராஜ் எழுந்து போய், அவள் கையோடு சேர்த்து அதைப் பிடித்து வாங்கினான்.

ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டான். தாடை அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது.

"என்னாடா பண்றாரு?" என்று அம்மா என்னிடம் கிசுகிசுத்தாள்.

"மெல்றான். முப்பத்திரண்டு தடவ."

"கூழையா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள். அடக்க முடியவில்லை. வெடித்துச் சிரித்தாள். இது வேறு சிரிப்பு. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் யாரும் பார்க்காதது. தர்மராஜுக்கும் சிரிப்பு வந்து, கூழ் மூக்கில் ஏறி, இருமி, எண்ணிக்கை தவறி, அப்படியே விழுங்கிவிட்டான். விழுங்கியதும் ஏதோ ஆகப்போகிறது என்பதுபோல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை.

அன்றே அவன் சரியாகிவிட்டான் என்று சொன்னால் அது புளுகு. மெஸ்ஸுக்கு வர இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. வந்த பிறகும் பல நாள் பாதியில் எழுந்து ஓடினான். அவன் அம்மா சுட்ட ஒரு தோசையை முழுசாகத் தின்றதைக் கோடை லீவில் எனக்குக் கார்டு போட்டுத் தெரிவித்தான்.

அன்று அரைச் சொம்புதான் குடித்தான். போதும் என்று திருப்பி நீட்டினான். அம்மா வாங்கவில்லை. காலையிலிருந்து வாய் நிறைய வைத்திருந்த 'ங்க' எங்கே போனதோ தெரியவில்லை.

"குடிடா" என்றாள்.

தர்மராஜ் குடித்தான்.