ஞானசௌந்தரி தரைக்கு வந்த விதம்

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தூத்துக்குடியில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் நடப்பார்கள். இதய வால்வு மாற்றிய ஞானசௌந்தரியும் பதினோரு வருடமாக அப்படித்தான் கடைக்கும் மாதா கோயிலுக்கும் போய்வந்தாள். செருப்பு தேயவே இல்லை.

மூன்று நாளாகக் காலையில் போட்ட மாத்திரையை மறந்து மாலையிலும் போட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை தோசை ஊற்றும்போது விறுவிறுவென்று மேலே போய்ப் பரணில் நெற்றியை இடித்துக்கொண்டாள். ரத்தம் நிற்கவில்லை. கீழே சொட்டவும் இல்லை. மேலே ஏறிக் கூரையில் தேங்கியது.

கணவர் பாக்கியநாதன் அடுப்பை அணைத்தார். அவள் காலில் சேலையைக் கட்டி, ஆட்டோவில் உட்கார்ந்து, பட்டம் போல அவளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"ஏங்க, இங்கேருந்து ஹார்பர் தெரியுது" என்றாள். குரல் குஷியாகவே இருந்தது.

வாயைத் திறந்தால் அழுதுவிடுவோமென்று அவர் சேலையை மணிக்கட்டில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டார்.

அவசரப் பிரிவில் டாக்டர் மெஹருன்னிசா அண்ணாந்து பார்த்தார். "வைட்டமின் கே ஊசி போடுறேன். ஆனா அது இறக்குறதுக்கு ஆறு மணி நேரமாகும், அதுவரைக்கும் உடம்பு தாங்காது. உடனே இறக்கணும்னா பிளாஸ்மா ஏத்தணும்."

பிளாஸ்மா பை நோயாளியைவிட உயரத்தில் தொங்க வேண்டும். ஞானசௌந்தரியோ கூரையில் முதுகு ஒட்டக் கிடந்தாள். அதனால் மின்விசிறியைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மாடியிலிருந்து குழாயை இறக்கினார்கள். மாடியில் காலில் மாவுக்கட்டோடு இருந்த ஒருவர் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

முதல் பையில் டியூப்லைட் வரை வந்தாள். இரண்டாவதில் ஜன்னல். மூன்றாவதில் கட்டில். நாலாவதில் கட்டில் கிறீச்சிட்டது.

"போதும், நிறுத்துங்க. தரைக்குள்ள போயிடுவாங்க" என்றார் டாக்டர்.

ரத்தம் நின்றிருந்தது. தையல் போட்ட பிறகு ஞானசௌந்தரி மெல்லப் பாதத்தைக் கீழே வைத்தாள்.

"தரை சில்லுன்னு இருக்குங்க."

பாக்கியநாதனுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. தையல் போட்ட சிஸ்டருக்கும் அது தொற்றிக்கொண்டது.

மறுநாள், அந்த நாலு பைக்கும் பிளாஸ்மா கொடுத்த, முன்பின் தெரியாத நால்வரும் டிபன் கேரியரோடு வந்தார்கள். மூத்தவர் பாக்கியநாதனைத் தனியே அழைத்தார்.

"தங்கச்சிய இப்படியா பாத்துக்கிடுறது, மாப்ள?"

"தப்புதான், மச்சான்" என்றார் பாக்கியநாதன்.

வீட்டுக்குப் போனதும் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினார்கள். நேற்றுவரை அண்ணன் தம்பி யாருமே இல்லாத பெண்வீட்டார் வரிசையில் நால்வரும் நின்றிருந்தார்கள். மூன்றாமவர் மட்டும் கண்ணை மூடியிருந்தார்.