தகட்டின் இரண்டு முனைகள்

1991 ஆகஸ்டில், தண்டலத்தில் நெடுஞ்சாலையோரம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கிடங்கின் கூரைவேலையில், தகரத் தகடு கிழித்துத் தாண்டவராயனின் வலது கட்டைவிரல் நரம்பு அறுந்தது.

1

செய்திக்கு அந்த ஒரு வரி போதும். கதையாக்கத் தூண்டியவர் அவர் மனைவி லீலா: "எங்கண்ணனும் இவரும் பேசிக்கினு இருந்தா இது ஆயிருக்காது சார்." விரல் மடங்குமா, அவர் மறுபடி தகடு வெட்டும் கத்திரியைப் பிடிப்பாரா என்பது கட்டுப் பிரித்தால்தான் தெரியும்.

2

'வானம் ஒரு தகரம்போல்…' என்று தொடங்க வேண்டாம். தகரவேலைக்காரர்கள் சிரிப்பார்கள்.

நீளத் தகட்டை இருவர் தூக்குவார்கள். முன்முனைக்காரர் "வுடு" என்றதும் இருவரும் ஒன்றாகக் கையெடுக்க வேண்டும். சொல்லாமல் ஒருவர் விட்டால் விளிம்பு மற்றவர் கைக்குள் ஓடும். முன்முனையில் லீலாவின் அண்ணன் கலைமணி, பின்முனையில் தாண்டவராயன். ஆடி மாதத்திலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

காரணம், கலைமணி மகளின் காதுகுத்து விருந்து. பிரியாணியைக் கிளறிப் பார்த்த தாண்டவராயன், "இன்னா மச்சான், ஆட்ட அண்டாவாண்ட நிக்கவெச்சுக் காட்டிட்டு ஓட்டிகினு பூட்டியா?" என்றார். பந்தியே சிரித்தது.

(கலைமணி தரப்பு: கறி அடியில் இருந்தது.)

3

அதன்பின் கூரையில் எல்லாப் பேச்சும் மேஸ்திரி யாக்கோபு வழியாகப் போயிற்று.

"அண்ணே, அந்தாள ஒரு சாண் தள்ளச் சொல்லு."

"தள்ளியாச்சுன்னு சொல்லுண்ணே."

"நான் இன்னா உங்களுக்கு டெலிபோன் ஒயராடா?"

விபத்தன்று யாக்கோபு டீ குடிக்கக் கீழே இறங்கினார்.

இந்த இடத்தில் கலைமணியை வில்லனாக்கிப் பார்த்தேன். 'வேண்டுமென்றே அவர்…' அடித்துவிட்டேன். அவர் "வுடு" சொல்ல வாயைத் திறந்தார். யாரிடம் சொல்வதென்று தெரியாமல் மூடிக்கொண்டார். கை அதற்குள் தகட்டை விட்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் லாரியில், தன் தலைத்துண்டால் தாண்டவராயனின் கையை இறுக்கிப் பிடித்தபடி கலைமணி கேட்டார்:

"மாப்ள, வலிக்குதா?"

"ஒயரு கீழ டீ குடிச்சிகினு கீறாரு. அவராண்ட சொல்லியனுப்பு."

4

முடிவு அ: விரல் மடங்குகிறது. கலைமணி அழுகிறார். லீலாவுக்கு இதுதான் வேண்டும்.

முடிவு ஆ: மடங்கவில்லை. பேச்சும் இல்லை. யாக்கோபு கேட்கிறார்: "அப்ப நான் இன்னும் ஒயர்தானா?"

முடிவு இ, வாசகருக்கு: ……………………

கட்டுப் பிரித்தபின் நடந்தது இது. விரல் மடங்கவில்லை. கத்திரி இப்போது கலைமணியிடம். தகட்டின் முன்முனையை அவரும் பின்முனையை யாக்கோபும் பிடிக்கிறார்கள். தாண்டவராயன் நடுவில் நின்று "வுடு" என்கிறார்.