மதினிக்கு வந்த போன்

என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு என்னை அழைத்தது ஒரு மிஸ்டு கால். சொன்னால் யாரும் நம்புவதில்லை. கொடுத்தவள் என் மதினி செண்பகவல்லி, காலமாகிவிட்ட என் அண்ணன் கணேசபாண்டியனின் மனைவி. ஒரே ஒரு தரம் மணி அடித்து நின்றுவிட்டது. பேலன்ஸ் இருந்தாலும் மிஸ்டு கால் கொடுப்பதுதான் அவள் பழக்கம் என்று நான்தான் திருப்பிக் கூப்பிட்டேன்.

"ஏளா மாரி, ரஞ்சனாவுக்கு வார பன்னெண்டாந்தேதி கல்யாணம் வச்சிருக்கு. வந்துரு" என்றாள்.

அவ்வளவுதான். தாராவியில் முன்பின் தெரியாதவர்கள்கூட வீடு தேடி வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, குங்குமம் கொடுத்து அழைப்பார்கள். பெண்ணுக்கு ஒரே அத்தை நான். அவள் வீட்டிலிருந்து என் வீட்டுக்குப் பத்து நிமிட நடை. எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "போன்ல கூப்பிட்டா வாரதுக்கு நான் என்ன ரிக்‌ஷாவா?" என்று கத்திவிட்டு வைத்தேன். உடனே இன்னொரு மிஸ்டு கால் வந்தது. நான் அதற்குத் திருப்பிக் கூப்பிடவில்லை.

கல்யாணத்துக்குப் போகவில்லை. வளைகாப்புக்கு அவள் அழைக்கவும் இல்லை. மூன்று வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. என் வீட்டுக்காரர் பிச்சையா மான்குர்தில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். அதிகம் பேசாத மனுஷர். அவரே ஒரு நாள், "ரெண்டு பேரும் செத்தா ஒரே சுடுகாடுதான். அங்கனயாவது பேசுவியளா?" என்று கேட்டார். "பக்கத்துல பக்கத்துல வைக்காம இருக்கச் சொல்லும்" என்றேன்.

ஆனால் ஒன்று. எங்கள் பேச்சுதான் நின்றதே தவிர, அவளுடைய போன் என்னை விடவில்லை.

அது பழைய கதை. முன்பு மதினி எங்கள் சந்திலேயே கடைசி வீட்டில் இருந்தாள். தகரத்துக்கு மேல் தகரம், அதற்கு மேல் இன்னொரு தகரம். வெளிச்சமே உள்ளே வராது, டவர் எங்கே வரும்? என் வீடு சந்தின் முன்பக்கம். அண்ணன் போன பிறகு, காலேஜுக்குப் போகிற மகள் கூப்பிட்டு எடுக்க முடியாமல் போய்விடுமோ என்று அவளுக்கு ஓயாத பயம். போன் கடை நாகூர் மீரான்தான் வழி சொன்னான். அவளுடைய பட்டன் போனில் எதையோ அமுக்கி, அவள் லைன் கிடைக்காவிட்டால் அந்தக் கால் என் நம்பருக்கு வந்துவிடும்படி செய்து கொடுத்தான். டைவர்ட் என்றான்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தரமாவது அவளுக்கு வரும் போன் எனக்கு வரும். நான் கார்மெண்ட் பட்டறையிலிருந்து ஜீன்ஸ் வாங்கி வந்து வீட்டில் நூல் வெட்டுகிறவள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்று, "மதினி, ஒனக்குப் போன்!" என்று ஒரு சத்தம் கொடுப்பேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். பேசி முடித்ததும் உடனே போவாளா? உட்காருவாள். டீ போடுவேன். அவளும் ஒரு கத்தரியை எடுத்து நூல் வெட்டுவாள். எங்கள் சிநேகத்தில் பாதி அந்த டவர் இல்லாத வீட்டால் வந்தது.

பிறகு சந்தின் அந்தப் பக்கத்தை இடித்தார்கள். அவளுக்குப் புது பில்டிங்கில் ஆறாவது மாடி கிடைத்தது. அங்கே டவருக்குப் பஞ்சமில்லை. டைவர்ட் மட்டும் அப்படியே கிடந்தது. அவள் போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனால் மட்டும் ஏதாவது ஒரு கால் எனக்கு வரும். கேஸ் சிலிண்டர்காரன் கூப்பிட்டு, "செண்பகவல்லி ஹை க்யா?" என்று இந்தியில் விசாரிப்பான். "ராங் நம்பர்!" என்று ஒரு கடி கடித்துவிட்டு வைப்பேன். மதினி மாட்டுங்காவில் சமையல் வேலைக்குச் சேர்ந்தது எனக்கு இப்படித்தான் தெரியும். ரஞ்சனா முழுகாமல் இருப்பதும் இப்படித்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை ஸ்கேனுக்கு வரச் சொன்னாள். அன்றைக்கு மட்டும் ராங் நம்பர் என்று சொல்ல நாக்கு புரளவில்லை. "சொல்லிருதேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்வது? பிச்சையாவை அனுப்பினேன். "ஆரு சொன்னான்னு கேட்டா என்னளா சொல்ல?" என்றார். "ரோட்டுல கேள்விப்பட்டேன்னு சொல்லும்" என்றேன்.

அந்த டைவர்ட்டை எடுக்கச் சொல்ல வேண்டுமானால் அவளிடம் பேச வேண்டும். நான் ஏன் பேச வேண்டும்? அவளுக்கு அது மறந்தே போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். பொய் சொல்லக் கூடாது, எடுக்க எனக்கும் மனசில்லை.

அன்று புதன்கிழமை, காலை பத்தரை மணி. மடியில் ஜீன்ஸ் குவிந்து கிடந்தது. பெயரில்லாத ஒரு நம்பரிலிருந்து போன். எடுத்து, "ஹலோ" என்று சொல்வதற்குள் அழுகைக் குரல்.

"அம்மா... தண்ணி உடைஞ்சுட்டும்மா. ரொம்ப வலிக்கு. ஜல்தி வாம்மா."

மூன்று வருஷம் கேட்காத குரல்.

"ரஞ்சி, அம்மா இல்லட்டி. அத்தை பேசுதேன்."

"அத்தை..." என்று பெரிதாக அழுதாள்.

"அழாத. கூட ஆரு இருக்கா?"

"யாருமில்ல அத்தை. பிரசவத்துக்குன்னு அம்மா வீட்டுக்கு வந்தேன். அம்மா மாட்டுங்கா போயிட்டா. அவுக தாணேல ட்யூட்டில இருக்காக. டாக்டர் இன்னும் பதினஞ்சு நாள் இருக்குன்னாங்க."

"கதவத் தொறந்து வச்சுட்டுக் கீழ உக்காரு. போன வைக்காத. ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வச்சுக்கோ. நான் வந்துக்கிட்டே பேசுதேன்."

வீட்டைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. போனைக் காதில் அமுக்கிக்கொண்டு ஓடினேன். எதையாவது பேசிக்கொண்டே இரு என்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்டாளே ஒரு கேள்வி!

"அத்தை, ஏன் என் கல்யாணத்துக்கு வரல?"

"அத ஒங்கம்மாகிட்ட கேளு."

"அம்மாகிட்ட கேட்டா அத்தைகிட்ட கேளுங்கா."

மூச்சு வாங்குவதாகச் சாக்குச் சொல்லி ஓடினேன். வாங்கவும் செய்தது.

அந்த பில்டிங் படியை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான். லிஃப்டில் ஏறினதும் கிடையாது, ஏற பயம். ஆறு மாடியும் படியிலேயே ஏறினேன். நாலாவது மாடியில் முழங்கால், "நான் வரல, நீ போ" என்றது. கதவு திறந்திருந்தது. பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலேஜ் பையோடு நூல் கத்தரி கேட்டு வந்து நிற்கும் பெண், வயிறும் வியர்வையுமாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். நான் மடியில் போட்டுக் கொஞ்சின பிள்ளையின் கை அது. தூக்கி நிறுத்தினேன். ஆஸ்பத்திரிக்கென்று கட்டி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு இறங்கினோம். லிஃப்டில் பட்டனை அவள்தான் அமுக்கினாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன், அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

ரிக்‌ஷா சயான் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியதும்தான் எனக்குப் புத்தி வந்தது. ரஞ்சனா தன் புருஷன் செல்வத்துக்குச் சொல்லிவிட்டாள். தாணேயிலிருந்து அவன் வந்து சேர நேரமாகும். மதினிக்கு யார் சொல்வது? அவள் நம்பரைப் போட்டேன். பிஸி. மறுபடி போட்டேன். பிஸி. ரஞ்சனா வலிக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள்.

"அத்தை, அம்மா போன் ஆஃப்ல இருக்கு. அது ஒங்களுக்குத்தான வரும்? ஒங்களுக்கே நீங்க போன் போடுதீங்க."

மாட்டுங்காவில் எந்தத் தெரு, எந்த வீடு என்று மகளுக்கும் தெரியவில்லை. தலைப்பிரசவம். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் பக்கத்தில் இல்லாமல் உள்ளே போக வேண்டுமா? அவளுக்குக் கண் கலங்கியது. முப்பிடாரி அம்மனை வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசல் தெரிகிற நேரத்தில் போன் அடித்தது. புது நம்பர்.

"மாரி... நாந்தான்."

மதினியின் குரல்.

"எம் போனு நான் சமைக்கிற மாமி வீட்டு சிங்குக்குள்ள விழுந்து அணைஞ்சுட்டு. மாமி போன்ல இருந்து பேசுதேன். பிள்ளைய தனியா விட்டுட்டு வந்தேன், மனசு கெடந்து அடிக்கு." பிறகு கேட்டாள். "எனக்கு ஏதும் போன் வந்துச்சா?"

மூன்று வருஷம் கழித்துப் பேசுகிறாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு என் வாசலில் நின்று கேட்கிற அதே கேள்வி. அவளைப் பார்த்தால் கேட்பதற்கென்று நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் ஒரு கோணிப்பை இருக்கும். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"வந்துச்சு மதினி. ரஞ்சிக்கு வலி எடுத்துட்டு. சயானுக்கு வந்துட்டோம். டாக்சி புடிச்சு வா."

"நீ கூட இருக்கியா?"

"நான் இல்லாம?"

"அப்பச் சரி" என்றாள். அவளுடைய அழுகை கேட்டது.

இருபது நிமிஷத்தில் ஓடி வந்து சேர்ந்தாள். மகளை உள்ளே கூட்டிப் போவதற்கு முன்னால் கையைப் பிடித்துவிட்டாள். அது போதும். சாயங்காலம் நாலரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் சுகம். அதுவரை நானும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான்தான் கேட்டேன்.

"டைவர்ட் ஒனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"மறக்குமா? வேற போன் வாங்கும்போது மீரான் கேட்டான், அத எடுத்துரட்டான்னு. கெடக்கட்டும்னுட்டேன். எம் மவ நம்பரே எனக்கு மனப்பாடம் இல்லளா. ஒன் நம்பர் ஒண்ணுதான் தெரியும்."

"அப்ப நான் ராங் நம்பர்னு சொன்னது?"

"கேஸ்காரன் சொல்லுவான், யாரோ ஒரு பொம்பள வள்ளுனு விழுதான்னு. சரி, மாரி நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சுக்கிடுவேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கல்யாணப் பேச்சை மட்டும் அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆறின புண்ணைச் சொறிவானேன் என்று இருந்துவிட்டேன்.

பதினாலாம் நாள் காலையில் என் போன் ஒரே ஒரு தரம் அடித்து நின்றது. மதினி. மறுபடியும் மிஸ்டு கால்! நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று முனகிக்கொண்டே திருப்பிக் கூப்பிட்டேன்.

"என்ன மதினி, பேலன்ஸ் இல்லியா?"

"இருக்கு. கொஞ்சம் வெளிய வாயேன்."

வாசலில் யாரும் இல்லை. எட்டிப் பார்த்தேன். முப்பது அடி தள்ளி, சந்து முனையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள். கையில் துண்டு போட்டு மூடின தாம்பாளம். குடத்தோடு நின்ற பெண்கள் அவளையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் போனேன்.

"இங்கன எதுக்கு நிக்கே? வீட்டுக்கு வா."

"இல்லளா. நாளன்னைக்குப் பேரு விடுதோம். நீ இங்கனயே வாங்கிக்கோ. தாலி இல்லாதவ, குங்குமத் தட்டோட ஒன் வாசப்படி ஏறுனா நல்லாருக்காது." குரல் இறங்கியது. "அன்னைக்கும் இங்கனதான் நின்னேன்."

"என்னைக்கு?"

"ரஞ்சி கல்யாணத்துக்கு அழைக்க வந்தன்னைக்கு. ஒங்க அண்ணன் இருந்தா அவுக வந்து அழைச்சிருப்பாக. நானே தட்டத் தூக்கிட்டு வந்துட்டேன். இங்கன வந்ததும் காலு நகரல. ஒனக்கு மிஸ்டு கால் குடுத்தா நீ வெளிய வந்து பாப்பன்னு நெனச்சேன். நீ போன் போட்ட. நான் நிக்கிற எடத்தச் சொல்லதுக்கு முன்னால, ரிக்‌ஷாவான்னு கேட்டு வச்சுட்ட."

அந்த இரண்டாவது மிஸ்டு கால் என் காதில் அடித்தது. முப்பது அடி. நான் தலையை வெளியே நீட்டியிருந்தால் பார்த்திருப்பேன்.

"எவ்வளவு நேரம் நின்ன மதினி?"

"குழாயில தண்ணி நிக்கிற வரைக்கும்."

பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். மூன்று வருஷம், ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு. அவள் தாலி இல்லாதவள் என்பது எனக்கு ஒரு தடவையாவது தோன்றியதா? அண்ணனைப் பறிகொடுத்தது நான் மட்டும்தான் என்பது போலல்லவா இருந்திருக்கிறேன்.

தட்டோடு சேர்த்து அவள் கையைப் பிடித்தேன். குழாயடியில் நின்ற அத்தனை பேரும் பார்க்க முப்பது அடியும் இழுத்துக்கொண்டு போனேன். வாசற்படிக்கு உள்ளே நான் நின்றேன், வெளியே அவளை நிறுத்தினேன். நெற்றியை நீட்டினேன்.

"வையி."

"மாரி, வேண்டாம்ளா..."

"எங்க அண்ணன் வீட்டுல இருந்து வந்திருக்க. நீ வைக்காம ஆரு வைப்பா? வையி மதினி. எனக்கு நூல் வெட்டுத வேல கெடக்கு."

விரல் நடுங்க நடுங்க வைத்தாள். பாதி நெற்றியில் நின்றது, பாதி மூக்கில் கொட்டியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் நீட்டி, "எம் பேத்திக்குப் பேரு விடுதோம். நீங்க குடும்பத்தோட வந்துரணும்" என்று முறையாக அழைத்தாள். முறையாக என்பதால் எனக்கே நீங்க போட்டாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். டீ போட்டேன். அவள் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

ராத்திரி மான்குர்திலிருந்து வந்த பிச்சையா செருப்பைக் கழற்றினபடி என் முகத்தையே பார்த்தார்.

"மூக்குல என்னளா செவப்பா?"

"அழைப்பு" என்றேன்.