இன்னும் ரெண்டு சுளை

முதுகு சிரித்தது.

பின்சீட்டில் இருந்தவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. முதலில் தோள் லேசாக ஏறும். பிறகு ஜாக்கெட்டுக்குள் ஏதோ குலுங்கும். ஹெல்மெட் ஆடும். கல்யாணமான புதிதிலும் அவள் புருஷன் இப்படித்தான் சிரிப்பான். எதற்குச் சிரிக்கிறான் என்று அப்போது அவளுக்கும் தெரிந்திருந்தது.

இப்போது அவள் காதில் வெறும் காற்று.

முன்னால் வளைவில் இன்னொரு பைக் போய்க்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவள் அவனோடு வேலை பார்ப்பவள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்காவது லிஃப்ட் நின்றுபோய் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், அவர்களிடம் போனில் பேசி, அவனை அங்கே அனுப்பி வைப்பது அவள் வேலை. கன்ட்ரோல் ரூமில் இருப்பதால் கன்ட்ரோல் என்றே பெயராகிவிட்டது. வேலை நாள் முழுக்க அவன் காதில் அவள் குரல்தான். லீவு போட்டாலும் அது விடவில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் போவதாகத்தான் பேச்சு. மலைப்பாதை, குளிர்காலம், ஒரே பைக். பின்சீட்டில் இருந்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். மெஷின் இரைச்சலில் பகல் முழுக்க யாரோடும் வாய் திறக்க முடியாது. ஒரு வாரமாவது அவனோடு பேசிக்கொண்டே போகலாம் என்று ஆசைப்பட்டு, ஹெல்மெட்டில் மாட்டுகிற இன்டர்காம் வாங்கச் சொன்னதே அவள்தான். இரண்டு கேட்டாள். மூன்று வந்தது.

"மூணா வாங்கினா விலை குறைவு," என்றான்.

"மூணாவது யாருக்கு?"

"கன்ட்ரோலுக்கு அந்த ரோடு அத்துப்படி. எந்த வளைவுல ஐஸ் இருக்கும், எங்க குழி இருக்கும்னு சொல்லிக்கிட்டே முன்னாடி போவா. நமக்குத்தானே நல்லது?"

நமக்கு. அதற்கு மேல் அவள் என்ன சொல்வாள்?

கன்ட்ரோல் இவளைவிட மூத்தவள். இருந்தும் இவளை அக்கா என்றாள். அவனை மட்டும் வாப்பா, போப்பா.

"அக்கா, குளிர் தாங்குவீங்களா?"

"உங்க வயசுக்கு நீங்களே தாங்கறீங்க, எனக்கென்ன?"

கன்ட்ரோல் விழுந்து விழுந்து சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இன்று காலை விடுதியில் கிளம்பும்போது பார்த்தாள். சார்ஜரில் இரண்டு இன்டர்காம்தான் சொருக இடம். இரண்டும் சொருகியிருந்தன. மூன்றாவது ஜன்னலோரம் சில்லிட்டுக் கிடந்தது.

"என்னோடதா அது?"

"முன்னாடி போறவளுக்குக் கண்டிப்பா வேணும். ஓட்டறவன் எனக்கும் வேணும். நீ என் பின்னாடிதானே இருக்க? ஏதாவதுன்னா முதுகுல தட்டு."

மலை ஏற ஆரம்பித்ததும் தட்டிப் பார்த்தாள். பைக்கை ஓரங்கட்டி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, "என்னாச்சு?" என்றான்.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா நிறுத்தச் சொன்ன?"

அதற்குப் பிறகு தட்டவில்லை. முதுகு சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கால்விரல்கள் மரத்துப்போயின. மூக்கு நுனி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. வயிறு மட்டும் எரிந்தது. அந்தக் குளிரில் அவள் உடம்பில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு டீக்கடை இருந்தது. உள்ளே ஹீட்டர். குளிரில் பேட்டரி இறங்கிவிடும் என்று மூன்று இன்டர்காமையும் கழற்றி ஹீட்டர் பக்கத்து மேஜையில் வைத்தார்கள். மூன்றும் கறுப்பு. மூன்றும் தீப்பெட்டி அளவு. ஒன்றுக்கொன்று ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டில் மட்டும் சின்னதாக நீல விளக்கு மின்னியது.

கன்ட்ரோல் கை கழுவப் போனாள். அவன் டயரில் காற்று பார்க்க வெளியே போனான்.

முன்னாடி போகிறவளுக்குக் கண்டிப்பாக வேண்டும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் கன்ட்ரோலின் கோப்பை பக்கத்தில் இருந்ததை எடுத்துத் தன் ஹெல்மெட்டில் மாட்டினாள். செத்துப்போன தன்னுடையதை அந்த இடத்தில் வைத்தாள். மஃப்ளரை நன்றாக இழுத்து, மைக்கையும் நீல விளக்கையும் மூடிக்கொண்டாள்.

கன்ட்ரோல் வந்து, தன் கோப்பை பக்கத்தில் இருந்ததை மாட்டிக்கொண்டாள்.

"போலாமா?" என்றான் அவன்.

அவள் இரண்டு காதுக்குள்ளும் இருந்தான். வீட்டில் டிவிக்கு மேலே கத்தும் குரல் அல்ல இது. பக்கத்தில் படுத்துப் பேசுகிற குரல். முன்னால் கன்ட்ரோல் கட்டைவிரலை உயர்த்திவிட்டுக் கிளம்பினாள்.

உச்சி தாண்டியதும் இறக்கம் தொடங்கியது.

"ஏன் சத்தத்தையே காணோம்? டீயில வாய சுட்டுக்கிட்டியா?" என்றான். "சரி, நீ ரோட்டைப் பாரு. நான் பாதியில விட்டதைச் சொல்றேன். அந்த மாமியார் மருமகன் கதை."

எந்த மாமியார்? எந்த மருமகன்?

"ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. லிஃப்ட்ல மாட்டியும் பேசல. 'அந்த ஆளைத் தள்ளி நிக்கச் சொல்லும்மா'ன்னு அந்தம்மா உனக்குப் போன் போடுது. 'நான் என் இடத்துலதான் நிக்கறேன்னு சொல்லுங்க'ன்னு அவரும் உன்கிட்டயே சொல்றாரு. ஒரு முழம் தூரத்துல நின்னுக்கிட்டு! அதுவரைக்கும் உனக்குத் தெரியும். நான் போனதுக்கப்புறம் நடந்ததைக் கேளு."

அந்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. போன மாதம். வீட்டுக்கு வரவே ரொம்ப நேரமாகிவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒண்ணும் இல்ல, ஒரு லிஃப்ட் நின்னுபோச்சு என்றான். தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

"கதவைத் திறக்கறேன். லிஃப்ட் பாதி கீழ நிக்குது. குனிஞ்சு எட்டிப் பாத்தா, ரெண்டு பேரும் தரையில சம்மணம் போட்டு உக்காந்திருக்காங்க. நடுவுல ஒரு ஆரஞ்சு. அந்தம்மா உரிச்சு உரிச்சுக் குடுக்குது. அவரு வாங்கி வாங்கித் திங்கறாரு. பேச்சு மூச்சு இல்ல. 'பயப்படாதீங்க, வந்துட்டேன்'னேன். அந்தம்மா நிமிந்து ஒரு பார்வை பாத்துச்சு பாரு. 'இப்ப என்ன அவசரம்? இன்னும் ரெண்டு சுளை இருக்கு'ங்குது!"

அவள் சிரித்துவிட்டாள்.

அடக்க நினைப்பதற்குள் வந்துவிட்டது. மஃப்ளரைத் தாண்டி மைக்கில் விழுந்தது. அவள் வயிறு அவன் முதுகில் குலுங்கியது.

முதுகு விறைத்தது.

"நீயா?"

"நான்தான்."

"அவளோடதை எடுத்தியா?"

"ஆமா."

"அடிப்பாவி. அப்ப முன்னாடி போறவ—"

முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. கன்ட்ரோல் இடது கையை விரித்து மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பாறை நிழலில் ரோடு கண்ணாடி மாதிரி மின்னியது. அவன் பிரேக்கைத் தொட்டான். பின்சக்கரம் பொசுக்கென்று பக்கவாட்டில் போனது. அவன் இரண்டு காலையும் ஊன்றினான். வண்டி கோணலாக நின்றது.

அவள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். எப்போது கட்டினாள் என்று தெரியவில்லை.

கன்ட்ரோல் ஓரத்து மண்ணில் கால் வைத்து வைத்து நடந்து வந்தாள்.

"ஏம்ப்பா, காது என்ன அடைச்சுப்போச்சா? 'ஐஸ், ஐஸ்'னு தொண்டை கிழியக் கத்தறேன், நீ பாட்டுக்கு வர்ற! அக்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவள் தலையாட்டினாள். மஃப்ளரை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

"எனக்கு எதுவும் கேக்கல," என்றான்.

கன்ட்ரோல் தன் ஹெல்மெட்டில் இருந்ததைக் கழற்றித் தட்டிப் பார்த்தாள். "செத்துப்போச்சு. காலையில முழுசா ஏத்தினோமே?"

பக்கக் கண்ணாடியில் அவனுடைய கண்கள் தெரிந்தன. அவை இவளைப் பார்த்தன. மஃப்ளர் நூல்களுக்கு இடையே நீலமாக ஏதோ மின்னியிருக்க வேண்டும். சொல்லப்போகிறான் என்று நினைத்தாள். இனி வாழ்நாள் முழுக்க அந்த ஆபீஸே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

"குளிர்ல அப்படித்தான்," என்றான். "திடீர்னு இறங்கிடும். நீ கையைக் காட்டிக்கிட்டுப் போ. நான் பாத்து வர்றேன்."

"சரி. அந்தக் கதை என்னாச்சு? லிஃப்ட்டுக்குள்ள என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தாங்க?"

"ஒண்ணும் இல்ல," என்றான். "கதவைத் திறந்தேன். வெளிய வந்தாங்க."

"அவ்வளவுதானா? இதுக்கா காலையிலருந்து இழுத்த?" கன்ட்ரோல் முகம் சுளித்துவிட்டுத் தன் பைக்குக்குப் போனாள்.

காலை ஊன்றி ஊன்றி ஐஸைக் கடந்தான். வெயில் விழுந்த ரோடு வந்ததும், "விழுந்திருப்போம், தெரியுமா?" என்றான்.

"தெரியும்."

"அடுத்து எங்க நிறுத்தினாலும் மாத்தி வெச்சுடணும்."

"வெச்சுடறேன்."

அவன் மூச்சு விடுவது இரண்டு காதிலும் கேட்டது.

"முதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள். "எனக்குப் பாதிதான் தெரியும்."

"ரோட்டைப் பாத்து மெதுவாத்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

தோள் லேசாக ஏறி இறங்கியது. அவன் ஆரம்பித்தான். முன்னால் ஓர் இடது கை உயர்ந்தது, தாழ்ந்தது. கன்ட்ரோலின் முதுகு நேராக, விறைப்பாக இருந்தது. அது சிரிக்கவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.