தொரசாணி சொன்னது

நீலசந்திராவுக்குத் தெற்கே, முன்பு பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல் வளர்த்த பள்ளத்தில், காலையிலேயே மண் வெட்டும் சத்தம் கேட்டது. வெட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள். ஆணும் பெண்ணுமாக ஒரு டஜன் பேர் ஐரோப்பாவிலிருந்து சொந்தச் செலவில் கப்பலேறி வந்து, பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தெழுந்து, குடிசைக்காரர்களுக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். தோள்பட்டைகள் வெந்து தோல் உரிந்திருந்தன. மம்முட்டியை ஓங்கி வெட்டத் தெரியாமல் நுனியால் குத்திக் குத்தி எடுத்தார்கள். வரிசையில் நின்று மண் சட்டியைக் கைமாற்றிய பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மண்ணுக்கு ஊசி போடறாங்கடி," என்றாள் சின்னத்தாயி.

வரிசை முழுவதும் குலுங்கியது. மார்கிட் என்ற உயரமான பெண் நிமிர்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அவள் என்ன சொல்கிறாள் என்று இங்கிலீஷில் கேட்டாள். குடையோடு நடுவில் நின்ற ஜெயராஜ், "நீங்கள் நன்றாக வேலை செய்கிறீர்களாம்," என்றான். மார்கிட்டுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சின்னத்தாயியைப் பார்த்துக் கும்பிட்டாள். சின்னத்தாயியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கும்பிட்டாள்.

ஜெயராஜுக்கு அங்கே அதுதான் வேலை. பட்டாளத்தின் சம்பள ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். ஆபீசை மூடியபோது அவனையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கிடைத்த முதல் கூலி, இந்த முகாமில் இரண்டு பக்கமும் பேசுவதற்குக் கிடைத்த கூலிதான். மண்ணைத் தொடாமல் குடை பிடித்துக்கொண்டு நின்று சம்பாதிக்கிறானே என்று பெண்கள் அவனையும் விட்டுவைக்கவில்லை. அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். கோபித்துக்கொள்ளும் நிலையில் அவன் இல்லை.

குடிசைக்காரர்களுக்குக் கூலி கிடையாது. வீட்டுக்கு ஒருவர் தினமும் வந்து உழைக்க வேண்டும் என்பது முகாம் கமிட்டியின் செயலாளர் சேஷகிரி போட்ட விதி. "வெளிநாட்டுக்காரங்களே சும்மா வேலை செய்யறப்போ, உங்க ரோட்டுக்கு நீங்க கை குடுக்க வேண்டாமா?" என்று அவர் கேட்டபோது எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். சின்னத்தாயி தொம்மலூரில் ஒரு பங்களா கட்டுமானத்தில் சித்தாளாக இருந்தாள். அதை விட்டுவிட்டு இங்கே வந்தாள். புருஷன் கோவிந்தப்பா மட்டும் அங்கே செங்கல் சுமந்தான். வீட்டில் இரண்டு வேளைச் சாப்பாடு ஒரு வேளையாகிவிட்டது. ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம்தான். மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில் பிள்ளைத்தாய்ச்சியைப் பிரசவத்துக்குத் தூக்கிப் போனவர்கள் அவர்கள். ரோடு என்றால் சும்மாவா?

மில்லில் வேலை பார்க்கும் வெங்கடசாமிதான் முதலில் முகத்தைச் சுளித்தவன். ஷிப்ட் முடிந்து வந்தவன் ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்து பார்த்தான்.

"நம்மகிட்ட இருக்கிறது தலச்சுமை. ஒரு கைவண்டிகூட எவன்கிட்டயும் கிடையாது. இதுக்கு எதுக்கு இம்மாம் அகலமா ரஸ்தா? ரெண்டு லாரி எதிரும் புதிருமா போவலாம்."

"உனக்கு எதுலயும் சந்தேகம்," என்றான் கோவிந்தப்பா. "பெரிய மனசுக்காரங்க. பெரிசா போடறாங்க."

அடுத்த வாரம் இரண்டு பேர் அளவுச் சங்கிலியோடு வந்தார்கள். ரோட்டின் நடுவில் ஒருவன் முளையடித்துச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மற்றவன் மறுமுனையை இழுத்துக்கொண்டு நேராக நடந்தான். குடிசை எதிரே வந்தால் சுற்றிப் போகவில்லை. குனிந்து சின்னத்தாயி வீட்டு வாசல் வழியாக உள்ளே நுழைந்தான். அவள் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். சங்கிலி கலகலவென்று தரையில் ஊர்ந்து வந்தது. அவள் அவசரமாகப் பானையைத் தூக்கி வழிவிட்டாள். அவன் பின்பக்கத் தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே போனான். சங்கிலி வீட்டுக்குள் குறுக்கே விறைத்துக் கிடந்தது. ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் பாயும் துணி மூட்டையும்.

"ஏன் சாமி, வூட்டுக்குள்ள எதுக்குச் சங்கிலி போவுது?"

"நமகேனு கொத்தம்மா," என்றான் அவன் கன்னடத்தில். எங்களுக்கு என்னம்மா தெரியும். அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. போகும்போது குடிசைக்குப் பின்னால் சுண்ணாம்பு அடித்த ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனான். சாயங்காலத்துக்குள் பள்ளம் முழுவதும் அந்த மாதிரிக் கற்கள் முளைத்திருந்தன. நாய்கள் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தன.

அன்றே சேஷகிரி ஜெயராஜைத் தன் ஜீப்பில் ஏற்றி ஒரு காபி ஓட்டலுக்குக் கூட்டிப் போனார்.

"கேம்ப் முடிஞ்சா என்ன பண்ணப்போறீங்க, ஜெயராஜ்?"

"பாக்கணும் சார். நாலஞ்சு எடத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

"மனை பிரிச்சு விக்கிறதுக்கு நாங்க ஒரு லேஅவுட் ஆபீஸ் போடறோம். கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூணும் பேசற ஆள் வேணும். பர்மனென்ட் வேலை."

"லேஅவுட் எங்க சார்?"

சேஷகிரி காபியை ஆற்றிக்கொண்டே, பள்ளம் இருந்த திசையை மோவாயால் காட்டினார்.

ஜெயராஜ் டம்ளரைக் கீழே வைத்தான். "அங்க இருக்கிறவங்க?"

"என் மொதலாளி காசு குடுத்து வாங்கின நிலம் அது. இத்தனை வருஷம் விட்டு வச்சதே பெரிசு. ரோடு இல்லாததால ஒருத்தனும் சைட் வாங்க வரல. இப்ப வருவான்." அவர் குரலைத் தாழ்த்தவில்லை. காய்கறி விலை பேசுவது போலத்தான் பேசினார். "வெள்ளக்காரங்க ஏதோ நல்லது பண்ணணும்னு வந்திருக்காங்க. சந்தோஷமா ஊருக்குப் போகட்டும். அவங்ககிட்ட இதெல்லாம் சொல்லி ஏன் மனசக் கஷ்டப்படுத்தணும்? ரெண்டு பக்கப் பேச்சையும் தர்ஜுமா பண்றவர் நீங்க. நல்ல வார்த்தையா எடுத்துப் போடுங்க, போதும்."

ஜெயராஜ் வீட்டுக்கு வந்து, வேலை கிடைக்கும் போலிருக்கிறது என்று மட்டும் மனைவி சரளாவிடம் சொன்னான். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். "பர்மனென்ட்டா? மெய்யாத்தான் சொல்றீங்களா? கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாருங்க," என்று சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள். பெரியவளை மறுபடி ஸ்கூலில் சேர்க்கலாம் என்றாள். எங்கே வேலை, யாருக்கு வேலை என்று அவள் கேட்கவில்லை. கேட்டுவிடப் போகிறாளே என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

பள்ளத்தில் கற்களைப் பற்றித்தான் பேச்சு. வெங்கடசாமி வீடு வீடாகப் போனான். மில் யூனியனுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், திங்கட்கிழமை எல்லாரும் ஒன்றாகப் போய்க் கைநாட்டு வைத்தால் கோர்ட்டில் தடை வாங்கித் தருவார், ரோடு வேலை முடிந்த பிறகு போனால் பிரயோஜனம் இல்லை என்றான். பாதிப் பேர் சரி என்றார்கள். கோவிந்தப்பா மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவன் கன்டோன்மென்ட்டில் ஒரு மேஜரிடம் குதிரைக்காரனாக இருந்தவன். வெள்ளைக்காரன் ஆட்சி போய்ப் பத்து வருஷம் ஆகியும் மேஜர் பேரைச் சொல்லும்போது துண்டை இடுப்புக்கு இறக்கிவிடுவான்.

"கோர்ட்டு எதுக்கு? தொரசாணியே இங்க இருக்கிறாங்க. அவங்களக் கேட்டுடுவோம். அவங்க வாயால ஒண்ணு சொன்னாங்கன்னா அப்பால மாற மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூட வாசலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். மார்கிட் கொப்புளம் உடைந்த கைகளுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். கமிட்டி சார்பில் சேஷகிரியும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜெயராஜைப் பார்க்கக்கூட இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சின்னத்தாயிதான் பேசினாள். "ஜெயராஜண்ணே, அம்மாவக் கேளு. எங்க வூட்டுக்குள்ள சங்கிலி போட்டு அளந்து, கல்லு நட்டுட்டுப் போயிருக்கிறாங்க. இந்த எடம் எங்களுக்கா, இல்ல வேற யாருக்காவதா? எங்களத் தொரத்திடுவாங்களா? நீங்க கூலி வாங்காம சும்னே வந்து ஒழைக்கிறீங்க, ஒங்களுக்குத் தெரியாம இருக்காது. தெரிஞ்சத மறைக்காம சொல்லச் சொல்லுண்ணே."

சொல்லி முடிக்கும்போது அவள் குரல் உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் ஏன் அழுகிறாள் என்று மார்கிட் பதறிப்போய்க் கேட்டாள். சேஷகிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அடுத்த வாரம் நீங்களெல்லாம் போய்விடுவீர்களாம்," என்றான் ஜெயராஜ் இங்கிலீஷில். "அதை நினைத்தால் இவர்களுக்குத் தாங்கவில்லையாம். எங்களை மறந்துவிடுவீர்களா என்று கேட்கிறாள்."

மார்கிட் அப்படியே சின்னத்தாயியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. மறக்கவே மாட்டேன் என்றாள். நான் போனாலும் இந்த ரோடு இங்கேயே இருக்கும், இது உங்கள் ரோடு, உங்கள் பிள்ளைகள் இதில் நடக்கும்போதெல்லாம் நானும் கூட நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வேஷமில்லாத அழுகை. பார்த்த பெண்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இன்னா சொல்றாங்க?" என்றது கூட்டம்.

ஜெயராஜ் குடையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான். "இது உங்க எடம்தானாம். உங்க புள்ளைங்க காலத்துக்கும் இங்கதான் இருப்பாங்களாம். ஒருத்தரும் கை வைக்க முடியாதுன்னு சொல்றாங்க."

"'யுவர் ரோடு'ன்னாங்க, என் காதால கேட்டேன்," என்றான் கோவிந்தப்பா. இங்கிலீஷில் அவனுக்குத் தெரிந்த நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று. "போதுமா வெங்கடசாமி? இன்னும் கோர்ட்டுக்குப் போவணுமா?"

வெங்கடசாமி மறுநாள் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தான். கூட வர ஒருவரும் இல்லை. அழுதுகொண்டு சொன்ன வார்த்தையைச் சந்தேகப்படுகிறானே, இவன் மனுஷனா என்று பெண்களே முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். அவனும் சோர்ந்துபோய் வீட்டுக்குள் படுத்துவிட்டான்.

வெள்ளைக்காரர்கள் போன அன்று மாலையும் பூவும் கட்டிப்பிடிப்பும் அமர்க்களப்பட்டது. பஸ் புதிய ரோட்டிலேயே வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது. மார்கிட் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தள்ளிக் கையாட்டிக்கொண்டே போனாள். ஜெயராஜ் அதற்கு அடுத்த திங்கட்கிழமை லேஅவுட் ஆபீசில் சேர்ந்தான்.

கோடை மழை தொடங்குவதற்கு முன்பே லாரிகள் வந்தன. இரண்டு லாரி போலீஸ், ஒரு லாரி நிறையக் கடப்பாரைக் கூலிகள், முன்னால் ஒரு ஜீப்பில் கோர்ட்டு உத்தரவோடு ஓர் ஆபீசர். வடக்கத்திக்காரர், சமீபத்தில்தான் மாற்றலாகி வந்தவர். இங்கிலீஷ் தவிர வேறு எதுவும் தெரியாது. அதற்காகத்தான் சேஷகிரி ஜெயராஜை அனுப்பியிருந்தார்.

முதல் வரிசைக் குடிசைக்காரர்கள் அலறிக்கொண்டு பானை, பாய், கோழிக்கூடை என்று கைக்கு அகப்பட்டதை ரோட்டில் எடுத்து வைத்தார்கள். கடப்பாரைகள் ஓரத்துக் குடிசையின் மண்சுவரை நெருங்கின. சின்னத்தாயி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். ஜெயராஜைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

"ஜெயராஜண்ணே! நல்ல வேளை, நீ இருக்கிற. தொரசாணி சொன்னது இவருக்குத் தெரியாதுபோல. எடுத்துச் சொல்லுண்ணே. அவங்க எந்தப் பாசையில சொன்னாங்களோ, அதே பாசையில சொல்லு. நீதானே கூட இருந்து கேட்ட?"

"ஆமா ஜெயராஜு, நீதான் சாட்சி," என்றான் கோவிந்தப்பா.

கூலிகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என்ன வேண்டுமாம் என்று கேட்டார். சின்னத்தாயி அவன் வாயைப் பார்க்கவில்லை. ஆபீசர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமான்களை எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் கேட்கிறார்கள்," என்றான் ஜெயராஜ்.

ஆபீசர் கெட்ட மனுஷரில்லை. கொஞ்சம் யோசித்துத் தலையை அசைத்தார். கையை உயர்த்திக் கூலிகளைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஓங்கிய கடப்பாரைகள் தரைக்குத் தாழ்ந்தன.

"கேட்டுக்கிட்டாரு!" சின்னத்தாயி கத்திவிட்டாள். "தொரசாணி பேச்சுன்னதும் நிறுத்திட்டாரு பாருடி!"

ரோட்டில் கிடந்த தன் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் குடிசைக்குள் ஓடினாள். அடுத்த வீட்டுக்காரி பாயைச் சுருட்டினாள். ஒருவர் பின் ஒருவராகச் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் எல்லாரும் சாமான்களை உள்ளே கொண்டுபோகத் தொடங்கினார்கள். வெங்கடசாமிகூட ஒரு தகரப் பெட்டிக்குக் கை கொடுத்தான்.

ஆபீசர் புருவத்தைச் சுருக்கினார். "இவர்கள் ஏன் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோகிறார்கள்?" என்று ஜெயராஜிடம் கேட்டார்.

அதற்குள் கோவிந்தப்பா ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்து ரோட்டின் நடுவில் போட்டான். தோளிலிருந்த துண்டால் அதைத் துடைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எவ்ளோ நேரம் வெயில்ல நிப்பீங்க? உக்காருங்க சாமி," என்றான்.