வெள்ளம் பார்த்த மெஷின்

பிளக்கைக் கையில் எடுத்துவிட்டான் கடைக்காரன் ரொமுலோ. இன்னொரு கை வெல்டிங் மெஷினின் தலைமேல். காலில் நனைந்த செருப்பு.

"நில்லு!" எர்லிந்தா அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"என்னக்கா, ஓட்டிக் காட்டத்தானே சொன்ன?"

"முதல்ல நான் பாக்கறேன்."

மண்டாவே ஊரின் பழைய இரும்புக் கடைகளில் மூன்று நாள் அலைந்து அவள் கண்டுபிடித்த மிக் மெஷின் இது, கம்பி தானாக வந்து உருகும் வெல்டிங் ரகம். கப்பல் பட்டறையில் பதினோரு வருஷம் இரும்பு பற்றவைத்தவள். பட்டறையை மூடியபின் வீட்டு வாசலிலேயே இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்து பிழைக்கலாமென்று இருந்தாள். வெளிப்பார்வைக்கு எல்லாம் சரிதான். கம்பியைத் தள்ளும் உருளைகள் அதிகம் தேயவில்லை. சூட்டைக் கூட்டிக் குறைக்கப் பழைய திருகு சுவிட்ச். கையாலேயே பிரித்து ரிப்பேர் பார்க்கக்கூடிய ரகம். பெயின்ட் மட்டும் புதிது. எதையோ மறைக்காமல் கிழட்டு மெஷினுக்கு யார் மெனக்கெட்டுப் பெயின்ட் அடிப்பார்கள்?

பையிலிருந்து கரண்ட் சோதிக்கும் மீட்டரை எடுத்து, ஒரு முனையைப் பிளக்கிலும் மற்றதை மெஷினின் தகரத்திலும் வைத்தாள். தகரத்துக்குக் கரண்ட் கசியாத மெஷினென்றால் முள் அசையவே கூடாது. துள்ளியது.

"தொட்டுக்கிட்டே சொருகியிருந்தா இந்நேரம் உன்னைத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க."

ரொமுலோ ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அவள் பக்கத் தகட்டைக் கழற்றினாள். விசிறியின் இடுக்கெல்லாம் காய்ந்த சேறு.

"வெள்ளத்துல கிடந்ததா?"

"வெள்ளம்னு சொன்னா எவன் வாங்குவான்?" அவன் சேற்றையே பார்த்தான். "அண்ணனோட மெஷின்க்கா. இதைத் தூக்கி மேல வைக்கத்தான் திரும்ப வீட்டுக்குள்ள போனான். வரல." மெஷினைக் காலால் தள்ளினான். "அவனை முழுங்கினது இப்ப என்னையும் பாக்குது. இரும்பு விலைக்கு எடுத்துட்டுப் போ. என் கண்ணுல படவேணாம்."

எர்லிந்தா குனிந்தாள். உள்ளே செம்புக் கம்பி சுற்றிய காயிலின் அருகே மூக்கை வைத்தாள். கருகல் வாடை இல்லை. கம்பிமேல் பூசிய மெருகும் போகவில்லை. பின்பக்கம், ஒயர் உள்ளே நுழையுமிடத்தில், தகட்டின் விளிம்பு ரப்பரை அறுத்துச் செம்பு வெளியே தெரிந்தது. அதை விலக்கிப் பிடித்து மறுபடி மீட்டரை வைத்தாள். முள் அசையவில்லை.

ஒரு முழ ஒயர். அவ்வளவுதான் கோளாறு. வாயைத் திறக்காமலிருந்தால் முழு மெஷினும் இரும்பு விலைக்கே அவளுக்குக் கிடைத்துவிடும். அதற்குள் ரொமுலோ மெஷினைத் தராசுப் பக்கம் உருட்ட ஆரம்பித்துவிட்டான்.

அவள் சக்கரத்துக்குமுன் காலை வைத்தாள்.

"எடைக்குப் போடாத. காயில் நல்லா இருக்கு. போனது இந்த ஒயர் மட்டும்தான். அதை மாத்திட்டு, நாலு நாள் வெயில்ல காய வச்சா ஓடும்."

அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளே கையை விட்டு விசிறியை ஒரு விரலால் தள்ளினான். அது சிக்கி நின்று, பின் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. சேறு பொடியாக உதிர்ந்து அவன் புறங்கையில் விழுந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை.