ஆறிப்போன காபி

டாக்டர் நவாஃபுக்கு அந்தச் சொல்லை மாற்ற மனமில்லை. இணையப் பழக்கம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அளக்கும் ஆங்கிலக் கேள்வித்தாளை அரபிக்குக் கொண்டுவரும் வேலை எங்களுடையது. அவர் பேராசிரியர், நான் அவருடைய ஆய்வு மாணவி.

"'அடிமை'ங்கிறதுக்கு 'இத்மான்' வேண்டாம் டாக்டர். நம்ம இர்பிது ஊருல அது போதை மாத்திரை போட்டுச் சுத்துறவனுக்குச் சொல்றது. 'அளவு மீறின பழக்கம்'னு போடுவோம்," என்றேன்.

"ரவான், நீ வீட்டுப் பேச்சு பேசுற. இது அறிவியல்."

அறிவியல் என்று சொல்லிவிட்டால் அவரிடம் பேச்சு முடிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பட்டம் அவர் கையில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டு மாணவிகள் பதில் எழுதினார்கள். முடிவை அவரவர் கைபேசிக்கே அனுப்பும் ஏற்பாடும் டாக்டருடையதுதான். சுந்துஸின் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தபோது செய்தி வந்திருக்கிறது. அவள் அப்பா அபூ லைத் எடுத்துப் படித்தார். 'உங்கள் இத்மான் நிலை: கடுமை.' மறுநாளிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை.

தோழிகள் என்னிடம் வந்து அழுதார்கள். "நீங்க எழுதின சொல்லு, நீங்களே வந்து விளக்குங்க," என்று டாக்டரை சுந்துஸ் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் நான் அவரை டாக்டர் என்று கூப்பிட்டது பக்கத்து வீட்டுக்காரி காதில் விழுந்துவிட்டது.

"டாக்டரே வீடு தேடி வந்துட்டாரா? அப்ப அந்தப் பொண்ணு மாத்திரை போடுறது நிஜந்தான்!" என்று தன் வீட்டுக்குள்ளே பார்த்துக் கத்தினாள்.

அபூ லைத் காபி ஊற்றித் தந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி, கோரிக்கையோடு வந்தவர்கள் வாக்குக் கிடைக்கும்வரை குடிப்பதில்லை. கோப்பையைக் கீழே வைத்தேன். அவருக்குப் புரிந்தது.

"என்னம்மா வேணும்?"

"சுந்துஸ் படிக்க வரணும் மாமா. மாத்திரையும் இல்ல, மண்ணும் இல்ல. போன் கொஞ்சம் அதிகமாப் பாக்குறா. நாங்க போட்ட வார்த்தைதான் தப்பு."

"சத்தியமா?"

"சத்தியமா."

பாவம், மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காபியக் குடிங்க. ஞாயித்துக்கிழமை வகுப்புத் தொறந்ததும் அனுப்பிடுறேன்."

நான் கோப்பையை எடுத்தேன். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். டாக்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தெளிவாச் சொல்லிடுறேன் ஐயா. நெட்ல என்ன பாக்குறேன்னு வீட்டுல கேட்டா மறைப்பீங்களான்னு ஒரு கேள்வி. உங்க பொண்ணு 'எப்போதும்'னு போட்டிருக்கா. அந்த மாதிரி பதில்லதான் மதிப்பெண் ஏறிடுச்சு. மத்தபடி போதைக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது."

அபூ லைத் மெல்ல உள்கதவுப் பக்கம் திரும்பினார்.

"சுந்துஸ்! என்னத்த மறைச்ச?"

"கொரிய நாடகம்ப்பா," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "வேற ஒண்ணுமில்ல."

"நாடகத்தை எவளாவது மறைப்பாளா?"

என்னால் அவளை நம்ப முடிந்தது. அவரால் முடியவில்லை.

"கோப்பைய வச்சிரும்மா," என்றார் என்னிடம். சத்தம்கூடப் போடவில்லை. "மாத்திரைன்னா ஆஸ்பத்திரியில சேத்திருப்பேன். இதுக்கு எங்க கொண்டுபோவேன்?"

திரும்பும் வழியில் டாக்டர், "அந்தச் சொல்லை மாத்திடலாம்," என்றார். அவரை அறையலாம் போலிருந்தது.

மாற்றினார். அடுத்த பருவத்தில் அதே வகுப்புக்குப் புதிய கேள்வித்தாள் போனது. ஒருத்தி விடாமல், எல்லாக் கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றே குறித்திருந்தார்கள். புதிய மொழிபெயர்ப்பு எப்படிப் பிரச்சினையைக் குறைத்துக் காட்டுகிறது பார் என்று டாக்டருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

தாள்களை அடுக்கிக்கொண்டே முன்வரிசைப் பெண்ணிடம் கேட்டேன். "ஏண்டி, ஒருத்திகூடவா வீட்டுல மறைக்கல?"

"உண்மை எழுதினவளுக்குத்தான் போன வாரம் கல்யாணம் பண்ணி வச்சாங்களே அக்கா," என்றாள். "நீங்க வரலையா?"